பட்டியலில் இல்லாத பட்டன்

அலறல் ஒன்றுதான்.

அதுவும் பாதியில் நின்றுபோனது!

மார்லோ பெண்ட் அணுமின் நிலையத்தின் ஸ்விட்ச் அறையிலிருந்து நீலப்புகை கசிந்தது. ஓடி வந்தவர்கள் கதவைத் திறந்தார்கள். உடனே மூடினார்கள். பிறகு வெட்கப்பட்டு மறுபடி திறந்தார்கள்.

இரும்பு அலமாரிகளின் நீண்ட வரிசை. ஒவ்வொன்றும் ஃப்ரிட்ஜை விடப் பெரிது. வரிசையின் பின்பக்கம்...

வெர்ஜில் கெஸிங்கர் மல்லாந்து கிடந்தான்.

எலக்ட்ரீஷியன். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் பாடுபவன். காலையில் வேலைக்கு வந்தபோது அவனுக்குப் புருவங்கள் இருந்தன. இப்போது இல்லை.

உயிரும் இல்லை.

"நான்தான் கொன்னுட்டேன்!" என்று கதறினார் டெல்மர் ஹைட்.

ஷெரீஃப் ஆபீஸிலிருந்து வந்திருந்த டெபுடி ஓடெல் க்ரம் உற்சாகமாகப் பேனாவைத் திறந்தார். இவ்வளவு வேகமாக ஒரு கேஸ் முடிந்து அவர் பார்த்ததில்லை. சாயங்காலம் ஹைஸ்கூல் ஃபுட்பால் மேட்ச் வேறு இருந்தது.

"வேணும்னு இல்ல டெபுடி... தெரியாம!" மூக்கைச் சிந்தினார் டெல்மர். நிலையத்தின் பராமரிப்புப் பிரிவுக்குத் தலைவர். யார் தோளையும் உரசாமல் நடக்க முடியாத உடம்பு.

பேனா ஏமாற்றத்துடன் மூடிக்கொண்டது.

"விவரமா சொல்லுங்க."

"இந்த அலமாரிக்கு முன்பக்கம் ப்ரேக்கர் இருக்கு. உங்க வீட்டு மீட்டர் பெட்டியில இருக்குமே, அதோட பெரியண்ணன். பின்பக்கம் பம்ப் மோட்டாருக்குப் போற செம்புக் கம்பி. பின்னாடி வேலை செய்யறவன் முதல்ல ப்ரேக்கரை வெளியே இழுக்கணும். அப்புறம் தன் சிவப்புப் பூட்டைப் போட்டுப் பூட்டணும். பூட்டுல அவன் போட்டோ ஒட்டியிருக்கும். வேற யாரும் தொடக் கூடாது."

"பூட்டு எங்கே?"

"அதான் இல்லையே! போட மறந்துட்டான். பூட்டு இல்லைன்னா ஆள் இல்லைன்னு அர்த்தம். நான் ப்ரேக்கரை உள்ளே தள்ளினேன். டெஸ்ட்டுக்காகப் பட்டனை அமுக்கினேன். பின்னாடி இவன் இருக்கான்னு எனக்கு எப்படிங்க தெரியும்?"

"முதல் அமுக்கிலேயே ஆன் ஆயிடுச்சா?"

கேட்டது ஒரு பெண் குரல்.

லோர்னா ப்ரூவிட்! மத்திய அரசின் கண்காணிப்பு வாரியம் இந்த நிலையத்துக்குள்ளேயே உட்கார வைத்திருக்கும் இன்ஸ்பெக்டர். அவளுக்கு இங்கே நண்பர்கள் கூடாது. ஓசிக் காபி கூடாது. ஒரு டோனட்டைக் கடித்தால்கூட அது அன்பளிப்பு, அன்பளிப்பு என்றால் லஞ்சம். விதி அப்படி. அதனால் அவள் கக்கத்தில் எப்போதும் சொந்த ஃப்ளாஸ்க் ஒன்று.

"முதல் அமுக்கிலேயே!" என்றார் டெல்மர். அழுகைக்கு நடுவிலும் ஒரு பெருமை. "எங்க ப்ரேக்கர் எல்லாமே அப்படித்தான் லோர்னா. நீயே எத்தனை டெஸ்ட் பார்த்திருக்கே!"

லோர்னா பிணத்தருகே குனிந்தாள்.

வெர்ஜிலின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கருகிய சட்டைக்கு மேல், சங்கிலியில், ஒரு சின்னச் சாவி!

அவள் அதைப் பார்ப்பதை டெல்மரும் பார்த்தார்.

* * *

முந்தின நாள்தான் வெர்ஜில் அவளுக்கு போன் செய்திருந்தான்.

"மேடம்... உங்க பட்டியல்ல இருக்கிற ப்ரேக்கர் எல்லாம் பாஸ் ஆகும்."

"நல்லதுதானே?"

"நல்லது இல்ல மேடம். எந்தெந்த ப்ரேக்கரை டெஸ்ட் பண்ணப் போறோம்னு உங்க வாரியம் முன்கூட்டியே பட்டியல் அனுப்புதில்ல? அது வந்த உடனே டெல்மர் எங்களை ஒவ்வொண்ணையும் நாலு தடவை ஆன் போட்டு எடுக்கச் சொல்லுவார். உள்ளே க்ரீஸ் காஞ்சு பிசினாட்டம் ஆயிடுச்சு. முதல் மூணு தடவை 'டிக்'குனு சத்தம் மட்டும்தான் வரும். நாலாவது தடவை ஜம்முனு ஆன் ஆகும். அதுக்கப்புறம்தான் உங்களைக் கூப்பிடுவோம்."

லோர்னா ஃப்ளாஸ்க்கை மூடி வைத்தாள்.

"க்ரீஸ் எல்லாம் மாத்தியாச்சுன்னு டெல்மர் கையெழுத்துப் போட்டிருக்காரே!"

"கையெழுத்து புதுசு மேடம். க்ரீஸ் பழசு."

"சரி, நிஜமாவே ஆபத்து வந்தா? அணு உலை சூடேறி, பம்ப் உடனே ஓடணும்னா?"

"ஆபத்து நாலு தடவை வராது மேடம்."

பிறகு அவனே சொன்னான்.

"பட்டியல்ல இல்லாத ஒண்ணைக் கேளுங்க. அவசரக் குளிர்விப்புப் பம்ப்போட ப்ரேக்கர். அதை யாரும் தொடலை. என் பேரன் படிக்கிற ஸ்கூல் ஆத்துக்கு அந்தப் பக்கம்தான் இருக்கு... கேட்டுடுவீங்கல்ல?"

"கேட்டுடறேன் வெர்ஜில். சத்தியமா."

அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றத்தான் இப்போது போனை எடுத்தாள்.

* * *

"டாக்டர் விட்டேக்கர், பட்டியல்ல இல்லாத ஒரு ப்ரேக்கரை நான் டெஸ்ட் பண்ணணும்."

ஸ்பீக்கர் போனில் தலைநகரம் இருமியது. மார்லோ பெண்டின் ப்ரேக்கர்கள் பாதுகாப்பானவைதானா என்று ஆய்வு செய்யும் குழுவுக்கு டாக்டர் லெலண்ட் விட்டேக்கர் தலைவர். ப்ரேக்கரைப் பற்றி மூன்று புத்தகம் எழுதியவர். ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை என்று ஒரு வதந்தி உண்டு.

"பண்ணலாமே லோர்னா! நிலையத்துக்கு முறைப்படி முன்னறிவிப்புக் குடுத்துட்டு..."

"முன்னறிவிப்புக் குடுத்தா நாலு தடவை போட்டு எடுத்துடுவாங்க!"

"அவங்க தயாராகாம இருக்கும்போது டெஸ்ட் பண்றது நியாயமா?"

லோர்னா போனை முறைத்தாள். போன் கவலைப்படவில்லை.

"நிறுத்தி வச்சிருக்கிற உலையைத் திங்கட்கிழமை ஸ்டார்ட் பண்றாங்க. அதுக்குள்ள ஒரு ப்ரேக்கராவது தோத்ததுக்கு ஆதாரம் இருந்தா அனுப்புங்க. நிறுத்திடலாம். இல்லைன்னா... ஹேவ் எ நைஸ் வீக்கெண்ட்!"

* * *

நெடுஞ்சாலை ஓரத்து ஓட்டலில் டெபுடி ஓடெல் பன்றி இறைச்சி சாண்ட்விச்சோடு போராடிக்கொண்டிருந்தார். லோர்னா எதிரில் உட்கார்ந்து ஒரு சிவப்புப் பூட்டை மேஜை மேல் வைத்தாள்.

"இது என்னோட பூட்டு. வெர்ஜிலோடதும் இதே ரகம். திறந்திருக்கு பாருங்க. சாவியை உருவுங்க."

ஓடெல் இழுத்தார். திருகினார். பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார்.

"வர மாட்டேங்குதே!"

"இப்போ பூட்டிட்டு இழுங்க."

'க்ளிக்.' சாவி வெண்ணெயாக வந்தது.

"பூட்டினாத்தான் சாவி வெளியே வரும். அப்படித்தான் செஞ்சிருக்காங்க. வெர்ஜில் கழுத்துல சாவி தொங்கிச்சு டெபுடி!"

சாண்ட்விச் பாதி வழியில் நின்றது.

"அப்படின்னா... அவன் பூட்டியிருக்கான்!"

"பூட்டியிருக்கான். யாரோ வெட்டி எடுத்திருக்காங்க. ஆள் பூட்டை மறந்துட்டு வீட்டுக்குப் போயிட்டா வெட்டறதுக்குன்னு ஒரு கத்தரி இருக்கு. அதைத் தொட நிலையத்துல ஒரே ஒருத்தருக்குத்தான் அதிகாரம்."

"டெல்மர்!" ஓடெலின் கண்கள் விரிந்தன. "மனுஷன் என்னமா அழுதான்! என் மாமியார் செத்தப்போ நான்கூட அப்படி அழலை."

"அழுதிருக்கீங்களா?"

"அதை விடுங்க. வெட்டின பூட்டு எங்கே?"

"உள்ளேதான். வெளியே போற ஒவ்வொருத்தரையும் மெஷின் வச்சு சோதிக்கிறாங்க. ஒரு இரும்புத் துண்டு தாண்ட முடியாது."

"நான் ஜட்ஜ்கிட்ட சர்ச் வாரண்ட் வாங்கிட்டு வந்துடறேன். அதுவரைக்கும் நீங்க அந்தப் பக்கம் போகாதீங்க மேடம்."

லோர்னா தலையாட்டினாள்.

பத்திரமாக இருந்திருக்கலாம். ஆனால் அந்தப் பம்ப் ப்ரேக்கரை யாராவது தொட்டுவிட்டால்? நான்கே நான்கு அமுக்கு. அதோடு ஆதாரம் போயிற்று!

காரைத் திருப்பினாள்.

* * *

கேட்டில் காவலுக்கு பெர்னீஸ். மடியில் துப்பாக்கி, மேஜையில் டோனட் டப்பா.

"ஒண்ணு எடுத்துக்கயேன் லோர்னா. சர்க்கரைப் பாகு போட்டது."

"தெரிஞ்சுகிட்டே கேக்கறியே பெர்னீஸ்."

"இத்தனை வருஷமா ஒரு டோனட்டுக்குக்கூட மசியலையே நீ! உன் புருஷன் எப்படித்தான் உன்னைக் கல்யாணம் பண்ணிக்கிட்டானோ!"

சிரித்துக்கொண்டே லோர்னா உள்ளே போனாள்.

இன்ஸ்பெக்டர் வந்திருப்பதைக் காவலர்கள் யாருக்கும் சொல்லக் கூடாது. சட்டம்! மீறினால் வேலை போய்விடும். அதனால் பெர்னீஸ் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

வாக்கி-டாக்கியை எடுத்து, "வெளியே மழை வருது," என்று மட்டும் சொன்னாள். எல்லோரும் சொல்வதுதான். தினமும் சொல்வதுதான்.

வெளியே வெயில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.

* * *

ஸ்விட்ச் அறை காலி.

அவசரக் குளிர்விப்புப் பம்ப்பின் அலமாரியை லோர்னா கண்டுபிடித்தாள். முன்பக்கம் தூசி. பச்சை, சிவப்பு என்று இரண்டு பட்டன்கள். யாரும் தொட்டிருக்கவில்லை.

'அப்பாடா!'

பின்பக்கம் போனாள். கதவு திறந்திருந்தது. உள்ளே மூன்று செம்புக் கம்பிகள். உறை கழற்றப்பட்டு அம்மணமாக. அவற்றின் அடியில், தரையில்...

சிவப்பாக ஏதோ!

குனிந்தாள். கையை நீட்டி எடுத்தாள். பூட்டு! வளையம் இரண்டாக வெட்டப்பட்டிருந்தது. போட்டோவில் வெர்ஜில், புருவங்களோடு, சிரித்துக்கொண்டிருந்தான்.

முதுகில் ஒரு உதை!

தலைகுப்புற உள்ளே விழுந்தாள். ஃப்ளாஸ்க் வெளியே உருண்டது. இரும்புக் கதவு 'தடார்!' என்று சாத்திக்கொண்டது. போல்ட் திருகும் சத்தம்.

"மழை வருதுன்னு சொன்னாங்க கண்ணு," என்றது டெல்மரின் குரல். "குடை மாதிரி ஏதாவது வச்சு வரவேற்கணுமில்ல? அதான் பூட்டை வச்சேன்."

டெல்மருக்கு இதுவரை கொடுத்து வந்த மரியாதை இத்துடன் வாபஸ்.

"டெல்மர்! திற!"

"அவன் கழுத்துல இருந்த சாவியை ரொம்ப நேரம் பார்த்தே கண்ணு. அது தப்பு." காலடிகள் முன்பக்கம் நகர்ந்தன. "க்ரீஸ் மாத்தினதா கையெழுத்துப் போட்டது நான். ஜெயிலுக்குப் போறதும் நான். ஒருத்தன் வாயை மூடிட்டேன். உன்னோடதையும் மூடிட்டா திங்கட்கிழமை எல்லாருக்கும் நிம்மதி. இன்ஸ்பெக்டரம்மா அவசரப்பட்டு உள்ளே தலையை விட்டுட்டாங்க... மறுபடியும் நான் அழணும். பரவாயில்லை, பழகிடுச்சு."

லோர்னாவால் அசைய முடியவில்லை. இடது தோள் ஒரு கம்பியில். வலது முழங்கை இன்னொன்றில். ப்ரேக்கர் ஆன் ஆன அடுத்த நொடி அவள் கரி!

டெல்மர் பச்சைப் பட்டனை அமுக்கினான்.

'டிக்.'

...

ஒன்றும் ஆகவில்லை!

லோர்னா மூச்சை விட்டாள். சாகவில்லை என்பது புரிய ஒரு கணம் பிடித்தது. உடனே வெர்ஜில் சொன்னது நினைவுக்கு வந்தது.

முதல் மூன்று தடவை ஆகாது.

நாலாவது தடவை ஜம்முனு...

"பதட்டப்படாதே கண்ணு," என்றான் டெல்மர், பல் டாக்டர் போல. "முதல் தடவை ஆகாது. உள்ளே கம்பிச்சுருள் சூடாயிருக்கும். ஆறட்டும். அவசரப்பட்டா எரிஞ்சு போயிடும். நல்ல மெக்கானிக் அப்படிப் பண்ண மாட்டான்."

"டெல்மர்! முதல் அமுக்கு தோல்வி. நான் குறிச்சுக்கிட்டேன்!"

"எதுல குறிச்சே?"

"மனசுல!"

'டிக்.'

"ரெண்டாவதும் தோல்வி!" தொண்டை கிழியக் கத்தினாள். யாராவது கேட்க மாட்டார்களா? "இப்பவே நிறுத்து! ப்ரேக்கரை விட்டுடு! உன் பொண்டாட்டியும் இந்த ஊர்லதானே இருக்கா? உலை வெடிச்சா அவளும்தானே..."

"அவ போன வருஷமே டென்வர் போயிட்டா. வக்கீலோட."

அந்த வழியும் மூடியது.

'டிக்.'

மூன்று!

இந்தத் தடவை சத்தம் வேறு மாதிரி இருந்தது. உள்ளே ஏதோ அரை அங்குலம் நகர்ந்து, முனகி, நின்றது. காய்ந்த க்ரீஸ் விட்டுக்கொடுக்கத் தொடங்கிவிட்டது. லோர்னா கண்ணை மூடிக்கொண்டாள்.

"இதோ... ஆறிடுச்சு. அடுத்தது நிச்சயம் கண்ணு. எப்பவும் ஆகும்..."

"கையைத் தூக்கு டெல்மர்!"

டெபுடி ஓடெல் க்ரம்!

கையில் துப்பாக்கி. கழுத்தில் பார்வையாளர் அட்டை. வாசலில், அவருக்கு வழிகாட்டி ஓடி வந்த பெர்னீஸ், மூச்சு வாங்க.

டெல்மர் கையில் விலங்கு விழுந்தது. போல்ட்கள் கழன்றன. லோர்னா வெளியே சரிந்து, பெர்னீஸின் தோளில் சாய்ந்து, தள்ளிப் போய்ச் சுவரோரம் உட்கார்ந்தாள். கையிலிருந்த பூட்டை விடவில்லை.

"ஏன் டெபுடி இவ்வளவு நேரம்?" அழுகையும் கோபமுமாகக் கேட்டாள்.

"கேட்டுல பாதுகாப்பு விதி வீடியோ போட்டுட்டாங்க மேடம்! பிணத்துக்கு வந்தா வேண்டாமாம். உயிரோட இருக்கிறவங்களைப் பார்க்க வந்தா முழுசாப் பார்க்கணுமாம். அதுல முதல் விஷயமே, உள்ளே போனா எந்தப் பட்டனையும் தொடக் கூடாதுன்னு..."

"முடிஞ்சுது டெபுடி," என்று சிரித்தாள் லோர்னா. எத்தனையோ நாளுக்குப் பிறகு ஒரு நிஜமான சிரிப்பு. "மூணு தடவை ஆன் ஆகலை! உலையைக் காப்பாத்த வேண்டிய ப்ரேக்கர், ஒரு ஆளைக் கொல்லக்கூட லாயக்கில்லை. இதுதான் ஆதாரம். திங்கட்கிழமை உலை ஓடாது! இந்த அலமாரியை அப்படியே சீல் வைக்கணும். யாரும் கிட்டே..."

"எது மேடம், இந்தப் பச்சைப் பட்டனையா அமுக்கினான்?"

"ஓடெல்! வேண்டாம்..."

'டமால்!'

அலமாரி அதிர்ந்தது. 'ஆன்' என்று காட்டும் சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது. தரைக்குக் கீழே, தூரத்தில், அவசரக் குளிர்விப்புப் பம்ப் கம்பீரமாக உறுமத் தொடங்கியது.

நாலாவது தடவை.

ஜம்மென்று!

"அட, நல்லாத்தானே வேலை செய்யுது!" என்றார் ஓடெல்.

* * *

"வாழ்த்துகள் லோர்னா! அந்த ப்ரேக்கர் பாஸ்!" என்றது ஸ்பீக்கர் போன்.

"டாக்டர் விட்டேக்கர், அதுக்கு முன்னாடி மூணு தடவை தோத்தது!"

"அது டெஸ்ட் இல்லையே. அங்கீகரிக்கப்பட்ட செய்முறை எதுவும் இல்லாம நடந்த... என்ன சொல்றது... கொலை முயற்சி. டெபுடி அமுக்கினதுதான் சுத்தம். வெளி ஆள், சுயநலம் இல்லாதவர், முன்னறிவிப்பும் இல்லை. நீங்க கேட்ட மாதிரியே!"

"டெல்மரே ஒத்துக்கிட்டான்!"

"கொலைகாரன் பேச்சை எப்படிம்மா நம்பறது?"

"நான் சாட்சி சொல்றேன்!"

ஸ்பீக்கர் போனில் காகிதம் புரளும் ஓசை.

"அதுல ஒரு சங்கடம் இருக்கு லோர்னா. ப்ரேக்கர் ஆன் ஆகலைன்னு நீங்க பார்க்கலை. பின்பக்கம் இருந்தீங்க. அதைவிட முக்கியம்... ஆன் ஆகாததால நேரடியா ஆதாயம் அடைஞ்ச ஒரே ஆள் நீங்கதான்."

"ஆதாயமா?"

"ஓசிக் காபிகூட வாங்கக் கூடாதுன்னு விதி. நீங்க இந்த நிலையத்துக்கிட்ட இருந்து உங்க உயிரையே அன்பளிப்பா வாங்கியிருக்கீங்க! எங்க சட்டப் பிரிவு இவ்வளவு பெரிய தொகையைப் பார்த்ததே இல்லையாம். இந்த ஆய்வுல இருந்து உங்களை விலக்கியாச்சு."

* * *

டெல்மர் ஹைட் கவுண்டி ஜெயிலுக்குப் போனான். பத்திரிகைகள் அவன் முகத்தைப் பெரிதாகப் போட்டன. 'நிலையம் இனி பாதுகாப்பானது' என்று கீழே எழுதின. கொலைகாரன் பிடிபட்டால் அப்படித்தான் எழுத வேண்டும்.

திங்கட்கிழமை.

கூலிங் டவரிலிருந்து வெள்ளை நீராவி எழுந்தது. அது சாய்கிற பக்கத்தைப் பார்த்துத்தான் அந்த ஊரில் காற்றடிக்கும் திசையைச் சொல்வார்கள். அன்று அது ஆற்றைத் தாண்டி, வெர்ஜிலின் பேரன் படிக்கும் பள்ளிக்கூடத்தின் பக்கம் சாய்ந்திருந்தது.

லோர்னா காரில் கடைசி அட்டைப்பெட்டியை ஏற்றினாள். வேறு ஊர், வேறு வேலை. இனி அவள் தபால்களுக்கு முத்திரை வைப்பாள்.

பெர்னீஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு டோனட் டப்பாவை நீட்டினாள். "மழைன்னு சொன்னது நான்தான் லோர்னா... வழக்கமா சொல்றதுதானேன்னு..."

"தெரியும்," என்றாள் லோர்னா. டப்பாவைப் பார்த்தாள். ஒன்று எடுத்தாள். கடித்தாள். இத்தனை வருடம் மறுத்ததற்கு அப்படியொன்றும் பிரமாதமாக இல்லை.

தொப்பியைக் கையில் பிடித்தபடி ஓடெல் வந்து நின்றார். தூக்கமில்லாத முகம். பச்சைப் பட்டனை அமுக்கிய விரலைப் பாக்கெட்டுக்குள் ஒளித்து வைத்திருந்தார்.

"மேடம்... அந்த க்ரீஸை மாத்துவாங்களா?"

"பாஸ் ஆன ப்ரேக்கரை யார் பிரிப்பாங்க? இந்நேரம் மறுபடி காய ஆரம்பிச்சிருக்கும்."

"அப்போ... நாளைக்கே ஒரு ஆபத்துன்னா? அந்த ப்ரேக்கர் ஆன் ஆகுமா?"

லோர்னா காரை ஸ்டார்ட் செய்தாள். விரலில் ஒட்டிய சர்க்கரையை நக்கினாள்.

"கண்டிப்பா ஆகும் டெபுடி! ஆனா அதுக்கு முன்னாடி யாராவது என்னை உள்ளே தள்ளி மூணு தடவை கொல்லப் பார்க்கணும்!"